கால் மணி நேரக் குரல்

அய்யலூர்த் திருவிழா மேடையில், பாதி வசனத்தில் என் குரல் உடைந்தது. தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம் வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் நாடகத்தில் பபூன் (கோமாளி வேஷக்காரன்). வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டார்கள்.

உங்களில் யாருக்காவது தொண்டை கம்மிக்கொண்டே இருந்தால், உடனே டாக்டரிடம் போங்கள். நான் போகவில்லை. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது.

பர்மா சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திண்டுக்கல்லுக்குத் திரும்பியவனுக்கு வேறு என்ன தெரியும்? முகாமில் அவில்தார் போல நடந்து காட்டுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். அதே நடையை மேடையில் நடந்தேன். அதுவே பிழைப்பானது.

குரல் கம்மிய பிறகு கிராக்கி கூடியது. வேடசந்தூரிலும் குஜிலியம்பாறையிலும், "கரகரன்னு பேசுவாரே, அந்த பபூன்தான் வேணும்" என்று கேட்டு வந்தார்கள். குரல் கெட்டால் நாடகக்காரர்கள் அதிமதுரத்தையும் பனங்கற்கண்டையும் வாயில் அடக்குவார்கள். நானோ, குரல் தெளிந்துவிடப் போகிறதே என்று பயந்து அதையும் நிறுத்தினேன். மடத்தனம் என்றால் அப்படியொரு மடத்தனம்!

எச்சில் விழுங்கினால் முள் குத்தியது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஏழு மாதம் கழித்து, என் மனைவி ராசம்மாள்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்தார். நெஞ்சிலும் குரல்வளையிலும் க்ஷயம் (காசநோய்) என்றார்.

"ஊசி போட்டுக் கிருமியக் கொன்னுரலாம். ஆனா ஆறு மாசம் வாயத் திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. மீறுனா குரல் திரும்பாது."

"நாடகம், டாக்டர்?"

"இப்பக் கேட்டீங்களே, அதான் கடைசிப் பேச்சு."

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க்கான ஊசி மருந்து) போட்டார்கள். இடுப்பு புண்ணாகிப்போனது, நடந்தால் தலை சுற்றியது. எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய். பட்டாளத்தான், உத்தரவுக்குப் பழகியவன் என்று பெயர்தான். முதல் வாரமே பாயில் முகம் புதைத்து அழுதேன். பேச முடியாத கோமாளியை எவன் கூப்பிடுவான்?

சிலேட்டில் எழுதிப் பேசினேன். ராசம்மாள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நான் கோபமாக எழுதியதை அவள் படித்து முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை.

ஆறு மாதம் முடிந்ததும் டாக்டர், "ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் மெதுவாப் பேசலாம்" என்றார். பொழுது விடிந்ததிலிருந்து எதைப் பேசுவது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். அப்படி யோசித்தும், ஒருநாள் மத்தியானம் வெஞ்சனத்தில் (தொட்டுக்கொள்ளும் கறியில்) உப்பில்லை என்று சண்டை போட்டு முழுவதையும் தீர்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பார்த்தா நாடக ஏஜென்ட் வர வேண்டும்!

"அண்ணே, மாசித் திருவிழாவுக்கு வாங்க. நீங்க வந்து நின்னாப் போதும், சனம் சிரிக்கும்."

வாயைத் திறக்க முடியாது. சிலேட்டை எடுத்து 'வரு' என்று எழுதினேன். அதற்குள் ராசம்மாள் முன்னால் வந்தாள்.

"அவரு வரமாட்டாரு."

"அண்ணனே சொல்லட்டும் தாயி."

"நீங்க பபூனத் தேடி வந்திருக்கீங்க. எனக்கு ஆளு உசுரோட வேணும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்த பிறகு மீதி எழுத்து எழுத வரவில்லை. ஏஜென்ட் போய்விட்டார்.

மறுநாள் காலையில் என் நேரம் தொடங்கியதும், "நீ சொன்னதுதான் சரி" என்றேன். மீதி நேரம் முழுக்க, அவள் ஒருத்திக்காக என் பபூன் வேஷத்தை ஆடிக் காட்டினேன். வீட்டுப் பெண்கள் வரக் கூடாது என்று இத்தனை வருஷமும் அவளை ஒரு நாடகத்துக்கும் நான் அழைத்துப் போனதில்லை. தலை சுற்றச் சுற்றச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவில்தார் நடை நடந்தேன். கால் மணி நேரம் இவ்வளவு நீளம் என்று எந்த மேடையிலும் எனக்குத் தெரிந்ததில்லை.

ராசம்மாள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தாள்.

"இதுக்கா அம்புட்டுச் சனமும் சிரிச்சுச்சு?" என்றாள்.

நேரம் முடிந்துவிட்டது, பதில் சொல்ல வழியில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தமே வராமல், வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். அதைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள்.