புகார் வராத ஏரியா

ஐம்பத்து மூன்றாம் வருடம் திருச்சி பாலக்கரையில் ஒரு மண்ணெண்ணெய், டீசல் ஏஜென்சியில் நானும் ஆரோக்கியசாமியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அன்றைக்கே எனக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று. அவன் பாவம், ஒன்றும் செய்யவில்லை. முதலாளி மேஜைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு சைக்கிள் விடத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியுங்க."

"அப்ப நீ ஸ்ரீரங்கம் பாரு. உனக்கு?"

"சைக்கிள் வராதுங்க" என்றான் ஆரோக்கியசாமி.

"சரி, நீ லாரியில துறையூர் போ."

சைக்கிள் தெரிந்தவனுக்கு சைக்கிள், தெரியாதவனுக்கு லாரி. இதில் என்ன நியாயம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவன் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து எனக்குக் கையாட்டிவிட்டுப் போனான். நான் ஹேண்டில்பாரில் ஒரு பம்ப் ஸ்டவ்வைக் கட்டிக்கொண்டு காவிரிப் பாலத்தில் எதிர்காற்றில் மிதித்தேன்.

ஸ்ரீரங்கத்தில் என் வியாபாரம்

மண்ணெண்ணெய் எதற்கு வேண்டும்? விளக்குக்கு, அடுப்புக்கு. ஸ்ரீரங்கத்தில் பெரிய வீதிகளில் அப்போதே கரண்ட் விளக்கு இருந்தது. அடுப்புக்கு விறகு. உத்தர வீதியில் ரங்கநாயகி மாமி என்று ஒருவர் இருந்தார். அந்த வீதியில் அவர் ஒரு சாமான் வாங்கினால் நாலு வீட்டில் வாங்குவார்கள் என்று ஆபீசில் சொன்னதால் முதலில் அங்கே போனேன். கோலத்தை மிதிக்காமல் வாசலோரம் ஸ்டவ்வை வைத்து, பம்ப் அடித்து, நீலமாக எரிய வைத்துக் காட்டினேன்.

மாமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "ஏன்டாப்பா, பெருமாளுக்கு அமுது பண்ற எடத்துல இந்தக் கிருஷ்ணாயிலை ஊத்தச் சொல்றியா? இந்த வாடை தளிகையில ஏறாதோ?"

"புகையே வராதுங்க மாமி. பாத்திரம் கூடக் கரி பிடிக்காது."

"புகை வந்தா வரட்டும். விறகுப் புகை பெருமாளுக்குப் பழக்கம். வெயில்ல வந்திருக்கே, மோர் குடிச்சுட்டுப் போ."

மூன்று வருடத்தில் அந்த வீதியில் நான் மோர் குடிக்காத வீடு இல்லை. ஸ்டவ் விற்ற வீடும் இல்லை. ரயிலடிப் பக்கம் டீக்கடைகள், அம்மா மண்டபம் போகிற வழியில் இட்லி விற்பவர்கள், இவர்கள்தான் என் வாடிக்கை.

அவனுடைய கைராசி

துறையூர்ப் பக்கம் கதையே வேறு. மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த கிணறுகளில் அப்போதுதான் ஆயில் என்ஜின் இறங்க ஆரம்பித்தது. டீசலை அங்கே 'குரூடாயில்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஏஜென்சியில் யார் போனாலும் விற்கும். ஆரோக்கியசாமி போனான், விற்றது. என் பார்வையில் விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் அவனுக்குக் கைராசி என்று ஒன்று சேர்ந்துகொண்டது. பச்சைமலை அடிவாரத்தில் ஒரு கிணற்றில் புது என்ஜின் இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஃப்ளைவீலுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்கள். என்ஜின் மட்டும் ஓடவில்லை. மெக்கானிக் காலையிலிருந்து ஹேண்டில் போட்டுக் கை சோர்ந்துவிட்டார். அந்த நேரத்தில் டின்னோடு போய் இறங்கிய ஆரோக்கியசாமி, கொஞ்சம் டீசலை டேங்கில் ஊற்றி, ஹேண்டிலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினானாம். டுபுடுபுவென்று பிடித்துக்கொண்டதாம்.

புது என்ஜினில் டீசல் பைப்பில் காற்று அடைத்திருக்கும். அதை வெளியே எடுக்காமல் ஓடாது. மெக்கானிக் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். அவர் வேலை முடிகிற நேரத்தில் இவன் போய் ஹேண்டிலைப் பிடித்தான். இதை நான் ஆபீசில் எல்லோரிடமும் எடுத்துச் சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தப் புது என்ஜினுக்கும் முதல் டின் அவன் கையால்தான் ஊற்ற வேண்டும் என்று வழக்கமாகிவிட்டது. ஞாயிறு காலை மாதா கோயில் பூசையை முடித்துக்கொண்டு நேரே வந்து, பிள்ளையாருக்குச் சூடம் காட்டுகிற வரைக்கும் கை கட்டி நிற்பான். பிறகு டீசல் ஊற்றுவான். திரும்பி வரும்போது லாரியில் நிலக்கடலை, மரவள்ளிக்கிழங்கு, சில சமயம் ஒரு சேவல். அதில் பாதியை எனக்குத் தருவான். தராமல் இருந்தாலாவது திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். கிழங்கை வேகவைத்துத் தின்றுகொண்டே வயிறு எரிந்தேன்.

ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல். முதலாளி என்னைத் துறையூருக்கு அனுப்பினார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கிணற்று மேட்டில் என்ஜின் மாலையோடு தயாராக நின்றது. கிணற்றுக்குச் சொந்தக்காரர் பெரியக்கா என்கிற அம்மாள். புருஷன் இல்லாமல் தனியாக வயலைப் பார்த்துக்கொள்கிறவர். லாரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆரோக்கியசாமித் தம்பி வரலீங்களா?"

"காய்ச்சலுங்க. நான் ஊத்துறேன். நானும் அதே ஆபீஸ்தான்."

"அய்யோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? டின்ன வச்சிட்டுப் போங்க. தம்பிக்குத் தேவலையானதும் வெள்ளிக்கிழமையாப் பாத்து வச்சிக்கலாம்."

என்ஜினுக்குப் போட்ட மாலையைக் கழற்றிக்கூட வைக்கவில்லை. அவன் வருகிற வரைக்கும் அது அப்படியே காய்ந்துகொண்டு காத்திருந்திருக்கும்.

கால்வாய் மூடிய கதை

ஐம்பத்தாறு கடைசியில் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், டோல்கேட் அருகே, எங்கள் ஏஜென்சிக்கு ஒரு பெட்ரோல் பங்க் வரப்போவதாகப் பேச்சு வந்தது. பங்க்கைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மாடியில் வீடு, கீழே கண்ணாடி அறை, மேஜை, மின்விசிறி. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாமனார் வீட்டில் ஓர் அறையில் குடித்தனம். அந்த மாடியைக் கட்டும்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆரோக்கியசாமியும் போய்ப் பார்த்திருக்கிறான் என்று கொத்தனார் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் சூயஸ் கால்வாய் மூடியது. நமக்கு எண்ணெய் வருவது பாரசீக வளைகுடாவிலிருந்து. அந்தக் கப்பல் சூயஸ் பக்கமே போக வேண்டியதில்லை. பிறகு நமக்கு ஏன் தட்டுப்பாடு என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வெள்ளைக்காரன் கப்பலெல்லாம் இப்ப ஆப்பிரிக்காவைச் சுத்திப் போவுது. ஒரு மாசத்துல திரும்ப வேண்டிய கப்பல் எப்ப திரும்பும்னு தெரியல. அதனால உலகம் பூரா கப்பலுக்குக் கிராக்கி. கப்பல் இல்லாட்டி எண்ணெய் இருந்து என்ன பண்றது?" என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "அலாட்மெண்ட் கொறைச்சிட்டாங்க. இன்னும் கொறையலாம். யாரு ஏரியாவுல சத்தம் இல்லாம சமாளிக்கிறீங்களோ, பங்க் அவங்களுக்கு" என்றார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே உத்தர வீதிக்குப் போனேன். தட்டுப்பாடு வரப்போகிறது, கோபப்பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லி வைக்கலாம் என்று எண்ணம்.

"என்ன தட்டுப்பாடு?" என்றார் ரங்கநாயகி மாமி.

"மண்ணெண்ணெய்க்குங்க."

"அது எங்களுக்கு எதுக்கு? அப்பா, வெறகு வண்டி வந்தா மட்டும் கொஞ்சம் சொல்லிட்டுப் போ."

டீக்கடைக்காரர்கள் கரியடுப்புக்கு மாறிக்கொண்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

துறையூரிலிருந்து வண்டி வண்டியாக வந்தார்கள். ஒரு திங்கட்கிழமை பாலக்கரை ஆபீஸ் வாசலில் காலி டின்னோடு கூட்டம் நின்றது. முன்னால் பெரியக்கா. முதலாளியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஏன் தம்பி, நீ ஊத்துன என்ஜின்தானே? கவலை மாட்ட வித்துப்புட்டுத்தான் இந்த என்ஜின வாங்குனேன். இப்ப எத வச்சு எறைக்கிறது? நெல்லு வெளுத்துக் கெடக்கு. வந்து உன் கண்ணால பாரு."

"வரேங்க்கா" என்றான் ஆரோக்கியசாமி. "இருக்கிறத எல்லாருக்கும் பிரிச்சித் தரேன். ஒருத்தர் கிணத்துக்கு முழுசா ஓடாது. முறை வச்சி ஓட்டிக்கணும்."

"முறை வச்சா எம் பயிரு காத்துக்கிட்டு இருக்குமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கூடவே நாலு பேர் கத்தினார்கள். பெயர் சொல்லித் திட்டினார்கள். அவனைத்தான். முதலாளி கதவைச் சாத்திக்கொண்டார்.

தட்டுப்பாடு இருந்த இரண்டு மாதமும் அவன் லாரியிலேயே கிடந்தான். ஊர் ஊராகப் போய்த் தன் கையாலேயே அரை டின், கால் டின் என்று அளந்து ஊற்றினான். கிடைத்தவர் போதவில்லை என்றார். கிடைக்காதவர் ஆபீசுக்கு வந்தார். பெரும்பாலான பயிர் தப்பித்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். பெரியக்காவின் நெல்லும் தப்பித்தது. பயிர் தப்பித்ததைச் சொல்ல யாரும் பாலக்கரைக்கு வண்டி கட்டிக்கொண்டு வரமாட்டார்கள் அல்லவா?

தட்டுப்பாடு தீர்ந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உன் ஏரியாவுல ஒரு புகார் வரலய்யா. பங்க்க நீ பாத்துக்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆரோக்கியசாமி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் முகம் வாடியிருந்தது. அதைப் பார்த்தும் என் சந்தோஷம் குறையவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

பங்க் திறந்த நாள்

பெட்ரோல் இருக்கும் இடத்தில் சூடம் ஏற்றக் கூடாது என்று எண்ணெய்க் கம்பெனி ஆபீசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குருக்களைச் சமாதானப்படுத்தி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஏற்றி, அங்கிருந்தே பங்க்கை நோக்கிக் காட்டினோம். முதல் வண்டியாகத் துறையூர் லாரி ஒன்று வந்து நின்றது. நான் புது வேட்டி கட்டி, பம்ப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தேன்.

லாரிக்காரர் இறங்கினார். "ஆரோக்கியசாமி அண்ணன் எங்கீங்க? மொத டீசல அவர் கையால போடச் சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். கூட்டத்தில் பின்னால் நின்ற அவன், "வேணாங்க, கலியமூர்த்தியே போடட்டும்" என்றான். லாரிக்காரர் கேட்கவில்லை. அவன் வந்து என் கையிலிருந்து கைப்பிடியை வாங்கினான். பங்க் என்னுடையது. மேஜை, மின்விசிறி, மாடி எல்லாம் என்னுடையது. அந்த முதல் டீசல் மட்டும் அவனுடையதாகிவிட்டது. மாடி வீட்டில் முதல் நாள் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. "உங்களுக்கு எது கெடைச்சாலும் போதாது" என்றாள் என் மனைவி.

நாலைந்து வருடம் கழித்து ஆரோக்கியசாமி குவைத்துக்குப் போய்விட்டான். தொலைந்தான் என்று நிம்மதியாக இருந்தேன். துறையூருக்குப் போகும் லாரி நின்றுபோய், அந்தப் பக்கத்துக்காரர்கள் டின்னோடு என் பங்க்குக்கே வர ஆரம்பித்தார்கள். அறுபத்தைந்தில் ஒரு டாக்சி வந்து பங்க்கில் நின்றது. கறுப்புக் கண்ணாடி, டெர்லின் சட்டை, தோளில் டிரான்சிஸ்டர். துறைமுகத்தில் கப்பலுக்கு எண்ணெய் ஏற்றுகிற குழாயில் வேலையாம்.

"என்னடா கலியமூர்த்தி, டீசல் நல்லா வருதா?" என்றான். "நான்தான் அங்கேருந்து அனுப்புறேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் சிரிக்கவும் செய்தேன். அவன் போன பிறகு என் பம்ப்பைப் பார்த்தேன். நான் பிடித்துக்கொண்டிருந்தது கடைசி முனை. அவன் ஆரம்ப முனையில் போய் நிற்கிறான். சைக்கிள் விடத் தெரியாதவன்.

மறுபடியும் கால்வாய்

அறுபத்தேழில் சூயஸ் மறுபடி மூடியது. முன்பு போலப் பெரிய தட்டுப்பாடு இல்லை. ஆனாலும் பேப்பரில் செய்தி வந்ததுமே எல்லோரும் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதே வாரம் எங்களுக்கு வர வேண்டிய லாரியும் வரவில்லை. பங்க் வாசலிலிருந்து டோல்கேட் வரை வரிசை. முன்னால் யார்? பெரியக்காதான். தலை நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"யோவ் கலியமூர்த்தி! உன்ன நம்பித்தானய்யா இத்தன வருசமா டின்னத் தூக்கிக்கிட்டு வரோம்? இல்லைன்னு சொல்றதுக்கா ஃபேனப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க?"

பின்னால் நின்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கலியமூர்த்தி, கலியமூர்த்தி என்று கூச்சல். சற்று நேரத்தில் முதலாளி போன் செய்தார். "என்னய்யா, உம் பங்க்ல இவ்வளவு புகார் வருது?"

"ஆமாங்க, எல்லாம் என் பேர்லதாங்க" என்றேன். அதில் என்ன பெருமை என்று அவருக்கு விளங்கியிருக்காது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். உங்கள் ஏரியாவில் புகார் இல்லை என்று மேலதிகாரி பாராட்டினால் உடனே மாலையை வாங்கிக்கொள்ளாதீர்கள். அங்கே உங்களால் யாருக்கும் ஒன்றும் ஆக வேண்டியதில்லை என்றும் இருக்கலாம். ஸ்ரீரங்கத்தில் எனக்கு மோர் கொடுத்தார்கள். துறையூரில் அவனை நம்பி மாட்டை விற்றுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றார்கள். அவனைத் திட்டிய திட்டு எனக்குக் கிடைக்க நான் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் லாரி வந்தது. பம்ப்பில் இருந்த பையன் பெரியக்காவின் டின்னை வாங்கக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.

"நீ வந்து ஊத்து, கலியமூர்த்தி. இவன் நொரை மேல வந்ததும் டின்னு நெறஞ்சிட்டுதுன்னு நிறுத்திப்புடறான்."

கைராசிக்காக இல்லை, நுரைக்காகத்தான். இருந்தாலும் எழுந்து போனேன். நுரை அடங்க அடங்க நிறுத்தி, விளிம்பு வரைக்கும் ஊற்றிக் கொடுத்தேன். ஆரோக்கியசாமி அன்றைக்கு அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும்.