நாலாவது முயற்சியில் ஒரு கஜம்

நார்பர்ட் குல்பா பனி வாருவதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். விழுந்து முடிகிறவரை மண்வாரியைத் தொடமாட்டார். “பாதியில வாரினா மறுபடியும் வாரணும்” என்பார். நின்ற பிறகு முதலில் தன் வீட்டு வாசல், அடுத்து பக்கத்து வீட்டு ஆர்லீனின் வாசல். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் ஏரிக்காற்று அடங்கும்வரை காத்திருந்து, இரண்டு வாசலிலும் கார் போகிற அகலத்துக்கு வாரி, ஓரங்களைத் தட்டிச் சமன்செய்து, உப்புத் தூவினார். ஆர்லீன் ஜன்னலிலிருந்து கையசைத்தார். நார்பர்ட் மண்வாரியைத் தூக்கிக் காட்டினார்.

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வால்வு திறந்து மூடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய குழாயின் வால்வைச் சடாரென்று திறந்தால் தண்ணீர் அறைந்து குழாய் வெடித்துவிடும். அரைச் சுற்று திருப்ப வேண்டும், நிற்க வேண்டும், சத்தத்தைக் கவனிக்க வேண்டும், மறுபடி அரைச் சுற்று. அவர் கைபட்டு எங்கள் பக்கத்தில் ஒரு குழாய்கூட வெடித்ததில்லை. வீட்டிலும் அதே கைதான். ஐரீனைக் கட்டிக்கொள்ளக் கேட்பதற்கு அரைச் சுற்று, அரைச் சுற்றாக இழுத்து, கடைசியில் ஐரீனே கேட்டுவிட்டதாக அவருடைய அக்கா ஃப்ளோ இன்றைக்கும் சொல்வார்.

நிதானம் தப்புகிற இடம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊரில் கால்பந்து என்றால் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பத்து கஜம் முன்னேற நாலு முயற்சி தருவார்கள். மூன்று முயற்சியில் ஒன்பது கஜம் போயாயிற்று, பாக்கி ஒரே ஒரு கஜம் என்றாலும், நாலாவதில் எங்கள் கோச் பந்தை உதைத்து எதிரணிக்கே அனுப்பச் சொல்வார். முயன்று தவறினால் அவர்களுக்குப் பந்து பக்கத்திலேயே கிடைத்துவிடுமாம். உதைத்தால் தொலைவில் போய்க் கிடைக்கும், அவ்வளவுதான் லாபம். உதைக்கிற ஆள் மைதானத்துக்குள் ஓடிவருவதைக் கண்டாலே நார்பர்ட் எழுந்து நின்றுவிடுவார். “ஒரு கஜம்யா! படுத்துப் புரண்டாலே போயிடலாமே!”

மைதானத்தில் அவர்களுக்கு வரிசையாக நாலு இருக்கை இருந்தது. நார்பர்ட், ஐரீன், ஆர்லீன், ஆர்லீனின் கணவர் வால்ட். வால்ட் முதலில் இறந்துபோனார், பின்னால் ஐரீன். மிஞ்சிய இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து, ஒரே போர்வையை முழங்காலில் போட்டுக்கொண்டு, கோச்சைத் திட்டினார்கள். இனி அந்த மைதானமும் இல்லை. அடுத்த வருஷம் புது மைதானம், புது இருக்கைகள். டிக்கெட் அலுவலகத்திலிருந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார்கள். சேர்ந்து உட்கார நினைக்கிறவர்களில் யாருக்கு முதலில் போன் வருகிறதோ, அவர் அப்போதே சொல்லிவிட வேண்டும். அப்புறம் எங்கே இடமிருக்கிறதோ அங்கேதான். ஆர்லீனுக்குத் திங்கட்கிழமை காலை போன் வரவிருந்தது. கரோலினாவில் இருக்கும் மகன், இருக்கையும் வேண்டாம் வீடும் வேண்டாம், இங்கேயே வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கு அரைநேர இடைவேளையில கேட்டுடுவேன்” என்றார் நார்பர்ட், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

“என்னன்னு?” என்றார் ஃப்ளோ. வெளியூர் ஆட்டம் நடக்கும் ஞாயிறுகளில் டிவி பார்க்க அவர் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார்.

“இங்கயே இருங்க, என் பக்கத்துலயே உட்காருங்கன்னு.”

“அதுக்கு ஏன்டா அரைநேரம்? ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாலே கேட்குமே.”

“நேரம் வரணும்க்கா.”

ஆர்லீன் வெங்காயத் தயிர்க் கிண்ணத்தோடு வந்தார். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில், பியரோகிக் கொழுக்கட்டையை வெண்ணெயில் புரட்டிக்கொண்டு வர அவர் சமையலறைக்குப் போக, எங்கள் அணி எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டது.

“அங்கயே இருங்க, ஆர்லீன்!” என்று கத்தினார் நார்பர்ட்.

“எங்க?”

“சமையலறையிலயே. நீங்க உள்ள போனதும்தான் போட்டாங்க.”

எங்கள் தெருவில் இதை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நல்லது நடந்தபோது யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருந்தாக வேண்டும். வால்ட் ஒரு முழு ஆட்டத்தையும் கழிவறை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். ஆர்லீன் பியரோகித் தட்டை வாசல்வழியாக நீட்டிவிட்டு, அடுப்புப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வானொலியைப் போட்டுக்கொண்டார்.

அரைநேர இடைவேளை வந்தது. எங்கள் அணி நல்ல முன்னிலையில் இருந்தது.

“போடா” என்றார் ஃப்ளோ. “வந்தாச்சு உன் நேரம்.”

“ஜெயிச்சுக்கிட்டிருக்கோம்க்கா. இப்ப எதையும் கலைக்கக் கூடாது.”

நார்பர்ட் சமையலறைக்குப் போனார். ஸ்டூலுக்கு ஒரு திண்டு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பின்பாதியில் கோச் கதவைச் சாத்திக்கொண்டார். முன்னிலை கையில் இருக்கிறதாம், காத்தால் போதுமாம். பந்தை எறிவதே இல்லை. நடுவில் ஒரு ஆள் ஓடுவான், ஆள் குவியலுக்குள் விழுவான். மறுபடி ஓடுவான், மறுபடி விழுவான். அப்புறம் உதை. எதிரணி கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது.

“இவன் வீட்டுல பாலைக்கூட ஸ்பூன்லதான் குடிப்பான்” என்றார் நார்பர்ட். “அவங்க எதிர்பார்க்காதப்போ ஒரு தடவை எறிஞ்சு பாரேன்யா. கை என்ன முறிஞ்சா போயிடும்?”

கடைசி நிமிஷங்களில் மைதானத்தின் நடுவில் நாலாவது முயற்சி வந்தது. பாக்கி ஒரு கஜம். அதைக் கடந்தால் பந்து எங்களிடமே இருக்கும், நேரம் ஓடி ஆட்டம் முடிந்துவிடும், ஜெயித்தாயிற்று. நார்பர்ட் எழுந்து நின்றார். வானொலி டிவியைவிடச் சில நொடி முந்தும். சமையலறையில் சத்தமே இல்லை.

“ஆர்லீன்?” என்றார் நார்பர்ட்.

“உதைக்கறான்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

டிவியில் அதற்குப் பிறகுதான் அந்த ஆள் ஓடிவந்தான். எதிரணி பந்தை வாங்கி, கஜம் கஜமாக முன்னேறி, கடைசி நொடியில் உதைத்துப் புள்ளியெடுத்து ஜெயித்தது. அதையும் ஆர்லீனின் பெருமூச்சு முன்கூட்டியே சொல்லிவிட்டது.

நார்பர்ட் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். “கையில இருந்த ஆட்டம். பயந்து பயந்தே கொடுத்துட்டான். இருக்கறதைக் காப்பாத்தறேன்னு உட்கார்ந்தா இருக்கறதும் போகும். இது அவனுக்குத் தெரியலையே.”

ஆர்லீன் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்படிக்கு வந்தார். “இப்ப நான் வெளியில வரலாமா?”

“வாங்க, வாங்க. எல்லாம்தான் போச்சே.”

“நாளைக்குக் காலையில எனக்குப் போன் வரும், நார்ப். தனியாவா, யார்கூடயாவது சேர்ந்தா உட்காரப்போறீங்கன்னு கேட்பாங்க. தனியாப் போய் உட்கார எனக்கு இஷ்டம் இல்ல. அப்படின்னா வேண்டாம்னுட்டு மகன்கிட்ட போயிடுவேன். நான் என்ன சொல்லட்டும்?”

ஃப்ளோ தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினார். நார்பர்ட் டிவியைப் பார்த்தார். அதே உதையை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அவசரப்பட வேண்டாம், ஆர்லீன். அவங்ககிட்ட ஒரு வாரம் தவணை கேளுங்க. சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்.”

ஆர்லீன் கையுறையை ஒவ்வொரு விரலாக நுழைத்துக்கொண்டார். “ஒரு கஜம்தான் இருந்துச்சு, நார்ப்” என்றார், கோபமில்லாமல். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஃப்ளோவிடம் தலையசைத்துவிட்டுப் போனார். கதவு திறந்தபோது கொஞ்சம் பனி உள்ளே வந்தது.

டிவியில் கோச் பேட்டி கொடுக்க வந்தார். அந்த நிலைமையில் உதைப்பதுதான் சரியான முடிவு, நாளைக்கும் அதையேதான் செய்வேன் என்றார். வழக்கமாக நார்பர்ட் இந்தப் பேட்டிக்காகவே காத்திருப்பார். வரிக்கு வரி பதில் சொல்வார். அன்றைக்கு ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

“அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கறாங்க” என்றார் ஃப்ளோ. “நீ சும்மாவே பண்றே.”

பேட்டி முடிவதற்குள் நார்பர்ட் டிவியை அணைத்தார். கதவோரம் உட்கார்ந்து பூட்ஸ் போட்டார். கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை. ஃப்ளோ ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். காலையில் வாரிய இரண்டு வாசலும் மறுபடி வெளுத்துக்கொண்டிருந்தன. நடுவே ஆர்லீனின் காலடித் தடம் பாதி மூடியிருந்தது.

“இன்னும் விழுந்துக்கிட்டிருக்குடா” என்றார் ஃப்ளோ. “மண்வாரிகூட எடுக்காம எங்க போறே?”

நார்பர்ட் தொப்பியைத் தேடினார், கிடைக்கவில்லை. வெறுந்தலையோடு கதவைத் திறந்து வெளியே போனார்.