மூன்று பெட்டிகளில் உபரி எது

மனைவிக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் வந்ததிலிருந்து, குற்றாலத்திலேயே குடியிருந்தும் நான் அருவிக்குப் போகவில்லை. இரண்டு சீசன் போயிற்று. கரண்ட் போனால் ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிடும். அவசரத்துக்குச் சிலிண்டர் உண்டு. அதை மாற்றி மாட்டப் பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

தென்காசியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்து இன்வெர்ட்டர் வைத்தேன். ஒரே பெரிய பெட்டி அல்ல, ஆயிரம் வாட் வீதம் மூன்று பெட்டிகள். கீழ்வீட்டுக்கு வேண்டியதை, ஆக்சிஜன் இயந்திரத்தோடு, விளக்கு விளக்காக, விசிறி விசிறியாகக் கூட்டினேன்: 1650 வாட்.

"ரெண்டு போதும் அண்ணாச்சி. ஒண்ணு உபரி" என்றார் மெக்கானிக்.

ஒரு பெட்டி சும்மா நிற்கும் என்று நினைத்தேன். ஆனால் கரண்ட் போகும்போதெல்லாம் மூன்றும் ஒரே மாதிரி 55 சதவீதப் பாரம் காட்டின. அப்படியானால் உபரி எது? இது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றிலும் 45 வீணாவதாகவும் பட்டது.

சாரல் தொடங்கியதும் சிவகிரியிலிருந்து கொழுந்தியாள் குடும்பம் வந்து மாடியில் தங்கியது. ஒன்பது பேர். குளித்த துணி இந்த ஈரத்தில் காயாது. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத்தான் காய வைப்போம். காற்றில் கரண்ட் அடிக்கடி போயிற்று.

"அத்தான், கீழ மட்டும் வெளிச்சமா இருக்கு. நாங்க ஈரத்துண்டோடயே ஊருக்குப் போவோமா?" என்றாள்.

கணக்குப் போட்டேன். மூவாயிரத்தில் 1350 மிச்சம். மாடிக்கு இஸ்திரிப் பெட்டியோடு 850. உள்ளூர் எலெக்ட்ரீஷியனை வைத்து மாடியையும் இணைத்தேன். பெட்டிகள் 83 காட்டின. எனக்குத் திருப்தி.

நான்காம் நாள் மத்தியானம், கரண்ட் இல்லாத நேரத்தில், ஒரு பெட்டி பழுதானது. மற்ற இரண்டும் உடனே அணைந்தன. இயந்திரம் நீளமாகக் கூவியது. சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்ட எனக்கு நாற்பது நொடி ஆயிற்று. எண்ணியதால் தெரியும். அதற்குள் அவள் உதடு கறுத்திருந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்து பெட்டிகளைப் பார்த்தார்.

"மூணும் சேந்துதான் சுமக்கும் அண்ணாச்சி. ஒண்ணு விழுந்தா மத்த ரெண்டும் அந்தப் பாரத்தையும் தாங்கணும்லா. ரெண்டாயிரம் தாங்குறதுல நீங்க 2500 ஏத்திட்டீயளே."

"அப்போ உபரி எந்தப் பெட்டி?"

"இன்ன பெட்டின்னு கெடையாது. மூணுலயும் காலியா இருந்துச்சுல்லா, அதுதான் உபரி."

நான் வீண் என்று நினைத்த 45. என் மனைவி கட்டிலிலிருந்து, "முப்பது வருசம் கணக்கு வாத்தியாரு" என்றாள், மூச்சு வாங்கி வாங்கி.

புதுப் பெட்டி வந்தது. மாடி இணைப்பை எடுத்தாயிற்று. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மெக்கானிக்கை நிறுத்திவைத்து, சிலிண்டரைத் தயாராக்கி, மெயினை அணைக்கச் சொன்னேன். பிறகு ஒரு பெட்டியை உருவச் சொன்னேன்.

மற்ற இரண்டிலும் 55 ஏறி 83க்குப் பக்கத்தில் நின்றது. அன்று பார்த்த அதே எண்தான். அன்று மூன்று பெட்டிகள். ஒன்று விழ இடமில்லை. இன்று ஒன்று விழுந்த பிறகும் ஓடுகிறது. நூறு எண்ணினேன். இயந்திரம் ஒரே சீராக மூச்சு விட்டது.

உருவியதைத் திரும்பச் செருகியதும் மனைவி தங்கையைக் கூப்பிட்டாள். "ஏட்டி, நீ இங்கன என் பக்கத்துல இரி. சிலிண்டர் திருகத் தெரியும்லா?" பிறகு என்னிடம், "துண்ட எடுத்துட்டு அருவிக்குப் போய்ட்டு வாங்க. ரெண்டு வருசமா என் மூச்ச எண்ணுனது போதும்" என்றாள்.

போனேன். ஐந்தருவி வரிசையில் எனக்கு முன்னால் நாற்பத்தொரு பேர்.