கோணல் கக்கூஸ்களின் ஊர்

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு வவுனியாவில் திருகோணமலை பஸ் ஏறினேன். ஏறக்குறைய நூறு கிலோமீற்றர், ரிக்கற் நானூற்று இருபது ரூபா. யன்னலோரம் கிடைத்தது. பைக்குள் தண்ணீர்ப் போத்தல், அளவு நாடா, மண் தட்ட ஒரு தூரிகை. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். என்னோடு படிப்பிக்கும் கலாவின் அக்கா புஷ்பராணி மூதூருக்கு அப்பால் இருக்கிறார். கக்கூஸுக்குக் குழி வெட்டும்போது அவர் காணியில் ஒரு முதுமக்கள் தாழி வந்திருக்கிறதாம். இறந்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்த பெரிய பானை அது. கலா இதைச் சொன்ன நாள் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஆரும் கேட்டால் சாமத்திய வீட்டுக்குப் போறன் எண்டு சொல்லுங்கோ" என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினாள். பூப்புனித விழா என்று பொய் சொல்லுமளவுக்கு ஏனடி இந்த ஒளிப்பு மறைப்பு என்று அவளோடு சண்டையும் பிடித்தேன்.

ஒன்பதரைக்குத் திருகோணமலை. பஸ் நிலையத்தில் இரண்டு மான்கள் வாழைப்பழத் தோலுக்காக ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒரு பிளேன்ரீயும் உளுந்து வடையும் நூற்று ஐம்பது ரூபா. வடையில் உப்பே இல்லை. அங்கிருந்து கிண்ணியாப் பாலம் வழியாக மூதூர் பஸ், நூற்றெண்பது. இடது பக்கம் கொட்டியாரக் குடா வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் அசையாமல் கிடந்தது.

பதினொன்றேகாலுக்கு மூதூரில் இறங்கினேன். இதுவரை தூரமும் ரூபாவும் ஒழுங்காக எழுதிவந்தேன். இனி எழுதமாட்டேன். மூதூரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினேன் என்பதையும் சொல்லமாட்டேன். இங்கே வரும் பெயர்களும் மாற்றியவை. பயணக் கட்டுரைக்கு இது பெரிய குறைதான். அந்தக் குறைக்கு நான் காரணம் இல்லை.

ஓட்டோக்காரர் நௌபர் என் குடையைப் பார்த்தே நான் டீச்சர் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"எங்க டீச்சர் போறீங்க?"

"ஒரு சாமத்திய வீட்டுக்கு."

"சாமத்திய வீட்டுக்குச் சப்பாத்தும் தொப்பியுமாவா?"

"ஏன், உங்கட ஊரில அதுக்கும் சட்டமோ?"

சிரித்தார். இறங்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், உள்ளுக்க போய் இந்தக் கதையைச் சொல்லாதீங்க. ஒருத்தரும் நம்பமாட்டாங்க. காணி அளக்க வந்த ஆள் எண்டு நினைச்சா, தண்ணி கூடத் தரமாட்டாங்க."

புஷ்பராணி வாசல் படலையடியில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். புருஷன் கடலுக்குப் போயிருந்தார். நடந்து வரும்போதே என் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த ஊர்க் கக்கூஸ்களைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? ஒன்று படலைக்கு நேர் முன்னால், இன்னொன்று முற்றத்தின் நட்டநடுவில், வேறொன்று பக்கத்து வீட்டு வேலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு. "உங்கட மேசனுக்குக் கண் தெரியாதோ?" என்று கேட்டேன். அவர் என்னை நேரே குழியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

குழிக்குள் இறங்கியதும் எனக்கு உலகமே மறந்துபோயிற்று. இடுப்பளவு ஆழத்தில் தாழியின் வாய். குழி தோண்டிய அலவாங்கு பட்டு ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே எலும்புத் துண்டுகள், துருப்பிடித்த இரும்பு, அவற்றின் மேல் முழுசாக ஒரு சின்னக் கிண்ணம். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. கிண்ணத்தை வெளியே எடுத்து மண்ணைத் தட்டினேன். ஓரத்தில் மூன்று கோடும் ஒரு வளைவுமாக யாரோ கீறிய அடையாளம் இருந்தது. செய்தவரோ, புதைத்தவரோ? பதினைந்து படம் எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

"பாத்து முடியுங்கோ டீச்சர். ரண்டு மணிக்கு மூடப்போறம்" என்றார் மேலே நின்ற புஷ்பராணி.

"எதை?"

"இதைத்தான். அங்கால தள்ளி வேற குழி வெட்டியாச்சு."

"உங்களுக்கு விசரோ? இது என்ன சாமான் எண்டு தெரியுமோ? உடன அறிவிக்க வேண்டாமோ?"

நான் கத்திய கத்து மூன்று வளவுக்குக் கேட்டிருக்கும். புஷ்பராணி கை தந்து என்னை மேலே தூக்கிவிட்டார். "வாங்கோ, ஒரு ஆளைக் காட்டுறன்."

பக்கத்து ஒழுங்கையில் சிவலிங்கம் என்பவர் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். எதிரே கொங்கிறீற் தூண்களும் முள்ளுக்கம்பியும். உட்செல்லத் தடை என்று மூன்று மொழியிலும் பலகை. உள்ளே நாலு தென்னை, ஒரு பாதி வீடு, இடுப்பளவு புல்.

"ஆற்ற காணி?" என்று கேட்டேன்.

"என்ரதான். கிணறு வெட்டேக்கத் தாழி ஓடு வந்தது. நானே ஒரு உரப்பையில போட்டுச் சைக்கிளில கொண்டுபோய்த் தொல்பொருள் ஆக்களிட்டக் குடுத்தனான். பழம்பொருள் கண்டால் அறிவிக்கவேணும் எண்டு பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை எண்டு மகள் சொன்னவள். வந்தினம், அளந்தினம், கம்பி அடிச்சினம். இப்ப தேங்காய் விழுந்தாலும் உள்ள போய் எடுக்க ஏலாது. நான் மகள் வீட்டில இருக்கிறன்."

"பிறகு வந்து தோண்டினவையோ?"

"ஒருநாளும் இல்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் டீச்சர்தானே. சொல்லுங்கோ, நான் குடுத்தது பிழையோ?"

பழம்பொருள் கண்டால் அறிவி. அந்தப் பாடத்தை வருஷா வருஷம் நானும்தான் படிப்பிக்கிறேன், சோதனைக்குக் கேள்வியும் போடுகிறேன்.

பற்றிக்கொண்டு வந்தது. தோண்டவும் இல்லை, விடவும் இல்லை! ஆராய்ச்சி செய்திருந்தால்கூட மனம் ஆறும். செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆனவர்களுக்குக் கம்பி வேலி, உயிரோடு இருக்கிறவனுக்குக் கதிரை. இவர்கள் மேல் மட்டுமா கோபம்? தாழி என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று பேஸ்புக்கில் பாய்ந்து விழுகிற எங்கள் வீரர்கள் மேலும்தான். உள்ளே கிடக்கிறவர் என்ன மொழி பேசினார் என்று அந்த எலும்புக்கே தெரியாது. இவர்களுக்குத் தெரியுமாம்.

திரும்பும்போது புஷ்பராணி சொன்னார். "சிவலிங்கண்ணைக்குப் பிறகு ஊரில ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. ஓடு வந்தால் மூடிப்போட்டுத் தள்ளி வெட்டுவம். அங்கயும் வந்தால் இன்னும் தள்ளுவம். அதுதான் கக்கூஸெல்லாம் கண்ட இடத்தில நிக்குது. மேசனில பிழை இல்லை."

கிணற்றுக்கட்டில் குந்திக்கொண்டு கொப்பியை எடுத்தேன். படலைக்கு முன்னால் ஒன்று, முற்றத்தில் ஒன்று, வேலியோரம் ஒன்று என்று ஒவ்வொரு கக்கூஸையும் புள்ளியாக வைத்தேன். அவை நின்ற இடத்தில் தாழி இல்லை. அவை விலகிய இடமெல்லாம் தாழி. புள்ளிகளுக்கு நடுவே பிறைபோல வளைந்த ஒரு பெரிய இடுகாடு தெரிந்தது. எந்த ஆய்வாளர் வந்து இப்படி வளவு வளவாகத் தோண்டிப் பார்த்திருப்பார்? ஒளிக்கப்போய் இந்தச் சனம் முழு வரைபடமும் போட்டு வைத்திருக்கிறது!

"அந்தத் தாளைக் கிழியுங்கோ டீச்சர்."

"ஊர் பேர் போடமாட்டன், அக்கா."

"படத்தையும் அழியுங்கோ. கலா கேட்டதால விட்டனான். இந்த அரை ஏக்கருக்குத் திரும்பி வரப் பத்து வருஷம் முகாமிலயும் ஆற்றையோ வீட்டுக் குசினியிலயும் கிடந்தனாங்கள். இன்னொருக்கா வெளிக்கிட என்னால ஏலாது."

நான் வாதாடினேன். கல்வி என்றேன், வருங்காலப் பிள்ளைகள் என்றேன். அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். தாளைக் கிழித்துக் கொடுத்தேன். படங்களை அழித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கித் தேடி, அழித்த படங்கள் போய்க் கிடக்கும் இடத்தையும் கண்டுபிடித்து அங்கேயும் அழித்தார். கெட்டிக்காரி.

இரண்டு மணிக்குக் குழி வெட்டிய ஆட்கள் மண் தள்ளத் தொடங்கினார்கள். கிண்ணத்தை நான்தான் உள்ளே வைத்தேன், முன்பு இருந்தபடியே, கீறல் மேலே தெரிய. முதல் மண்வெட்டி மண் விழுந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு சோறும் கணவாய்க் கறியும் தந்தார்கள். கோபத்தோடு தின்றும் ருசியாக இருந்தது. நாலு மணிக்கு நௌபரின் ஓட்டோ வந்தது. "சாமத்திய வீடு எப்பிடி?" என்று கேட்டார். "நல்லது" என்றேன்.

எங்கள் ஊரில் எனக்கு ஒரு வளவு இருக்கிறது. நினைத்த இடத்தில் கிணறு வெட்டினேன், கக்கூஸ் கட்டினேன், மண்ணுக்குள் என்ன இருக்குமோ என்று ஒருநாளும் பயந்ததில்லை. அது எவ்வளவு பெரிய சுகம் என்று அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் தாழிப் பாடம் வந்தது. பழம்பொருள் கண்டால் அறிவிக்கவேண்டும் என்ற வரியை வாசிக்காமல் தாண்டிப் போனேன். முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"டீச்சர், நீங்கள் நேரில பாத்திருக்கிறீங்களோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.