காந்தப் பட்டன் தைத்தவள் நான்

நடைச் சங்கத்தின் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது முடிச்சைத் தெரிந்திருக்கும். விடுமுறைக்கு மலைப்பக்கம் நடக்க வந்து, எங்கள் கடையில் பையோ கோலோ மழைக்கோட்டோ வாடகைக்கு எடுத்துப் போனவர்கள் எல்லோருடைய காலடியிலும் அவன் ஒரு தடவையாவது மண்டி போட்டிருப்பான். அவன் என் கொழுந்தன்; முடிச்சு என்பது பட்டப்பெயர். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு அது வேண்டும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடை வைப்பதற்கு முன்னால் அவன் பதினாறு வருஷம் ஷூ தயாரிக்கும் ஆலையில் இருந்தான். கயிறு கோக்கும் பிரிவு. ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி கோத்தானோ, கையில் கயிறு இல்லாதபோதும் விரல்கள் சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் மேசை விரிப்பின் ஓரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பான். ஆலையை மூடியதும் கடைசி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒற்றை அறையைப் பிடித்தான். என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் அது. "அண்ணி, மெஷினைத் தூக்கிக்கிட்டு வாங்க. கிழிஞ்ச பை தைக்க ஆள் வேணும்" என்றான். பாவம் பார்த்துக் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும். ஆனால் கிழிந்த பையும் நிஜமாகவே நிறைய இருந்தது.

அந்த அறையில் ஈரக் கித்தானும் ரப்பரும் கலந்த வாசனை எப்போதும் இருக்கும். சுவர் முழுக்கக் கொக்கிகள். நீட்டி மடக்கும் கோல்கள் ஒரு பக்கம், தலையில் மாட்டும் டார்ச்சுகள் ஒரு பக்கம். நடுவில் நீள பெஞ்சு. வந்தவர்களை அதில் உட்கார வைத்து, அவர்கள் கட்டியிருக்கிற ஷூ கயிற்றை அவிழ்த்து அவனே மறுபடி கட்டுவான். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்காதபடி கணுக்காலில் ஒரு தனி இறுக்கம். ஒரு வக்கீலம்மா, "நான் என்ன குழந்தையா?" என்று காலை இழுத்துக்கொண்டார்.

"குழந்தைன்னா பிரச்சினையே இல்லைம்மா. தோள்ல தூக்கி அனுப்பிடுவேன். நீங்க நடந்துதானே போகணும்."

விசிலை யாராவது பைக்குள் போட்டால் விடமாட்டான். வெளியே எடுத்துப் பையின் தோள்வாரில் மாட்டிவிடுவான். "கீழ விழுந்தப்புறம் பையைத் திறந்து தேடுவீங்களா? வாய்க்குப் பக்கத்துல இருக்கட்டும்." புது ஷூவோடு வருகிறவர்களைப் பார்த்தால் அவன் முகமே சுண்டிவிடும். "ஒரு வாரம் வீட்டு மாடிப்படி ஏறி இறங்கிட்டு வாங்க. மலை எங்கயும் ஓடிப்போகாது."

எல்லாவற்றையும் விட திசைகாட்டிதான் அவனுக்கு உயிர். மேசையில் வடக்கு தெற்காக ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தான். தினமும் சாயங்காலம் கடை சாத்துவதற்கு முன் ஒவ்வொரு திசைகாட்டியையும் அந்தக் கோட்டின் மேல் வைத்து, முள் கோட்டோடு படுக்கிறதா என்று பார்ப்பான். காய்ச்சலிலும் பார்த்தான். "என் சாமான் பொய் சொல்லாது" என்பான். அது ஒன்றுதான் அவன் பெருமை.

இனி என் பங்கு.

கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வரைபட உறை ஒன்று நான் தைப்பேன். முன்பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே வரைபடம், அதன் மேலேயே திசைகாட்டி உட்கார ஒரு சின்னப் பை. மேல்மூடிக்குப் பிரஸ் பட்டன். குளிரில் விறைத்த விரலால் அந்தப் பட்டனை அழுத்த முடியவில்லை என்று வயதானவர்கள் குறைப்படுவார்கள். மூடாமல் விட்டால் மழை உள்ளே போய் வரைபடம் கூழாகிவிடும். எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய கைப்பை ஒன்றில் காந்தப் பட்டன் ஜோடியாக இருந்தது. கிட்டே கொண்டுபோனாலே டக்கென்று தானாக ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்து, ஓர் உறையின் மூடியில் துணிக்கு உள்ளே மறைத்துத் தைத்தேன். அவ்வளவு அழகாக மூடியது. மற்ற உறைகளுக்கும் தைத்து முடித்து அவனிடம் காட்டி அசத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒரு தம்பதி வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவியும். கொழுந்தன் குனிந்து வாத்தியாருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். முந்தின சாயங்காலம் அவன் கோட்டில் வைத்துப் பார்த்த திசைகாட்டியை நான்தான் எடுத்து, என் புது உறையில் போட்டு, அந்த அம்மா கழுத்தில் மாட்டினேன். "அட, தானா மூடுதே" என்றார் அந்த அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏரிப்பக்கம் போக வேண்டியவர்கள் மூடுபனியில் முள்ளை நம்பி, பாறைப் பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். வாத்தியார் சறுக்கி விழுந்தார். தோள்வாரில் இருந்த விசிலை ஊதி ஊதி, மறுநாள் மதியம்தான் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். இடது முழங்கால் அதற்குப் பிறகு சரியாக மடங்கவே இல்லை.

சாமான்கள் கடைக்குத் திரும்பி வந்தபோது அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான், வாத்தியாரைப் பார்க்க. நான் உறையை மேசையில், அவன் கோட்டின் மேல் வைத்தேன். உள்ளே முள், மூடியின் பக்கம் திரும்பி நின்றது. உறையைத் திருப்பினேன். முள்ளும் கூடவே திரும்பியது. திசைகாட்டியை வெளியே எடுத்தேன். முள் கோட்டோடு படுத்தது. மறுபடி உள்ளே வைத்தேன். முள் மூடியின் பக்கம் போனது.

பிரிப்பானை எடுத்துத் தையலைப் பிரித்தேன். காந்தத்தை உருவி என் பட்டன் டப்பாவின் அடியில் போட்டேன். பழைய பிரஸ் பட்டனைத் தைத்து வைத்தேன். பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது. எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கு ஆயிரம் சொல்லலாம். பயம். அவ்வளவுதான்.

அவன் வந்து திசைகாட்டியைக் கோட்டில் வைத்தான். சரியாக நின்றது. தட்டினான், குலுக்கினான், மறுபடி வைத்தான். சரியாகவே நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணி, முந்தாநேத்து சாயங்காலம் நான் இதைப் பார்த்தேனா? நீங்க இங்கதானே இருந்தீங்க."

அவன் பார்த்ததை நான் பார்த்தேன். என் கண் முன்னால் பார்த்தான்.

"எனக்கு ஞாபகம் இல்லைப்பா" என்றேன்.

முடிச்சு கடையின் திசைகாட்டி சிக்கிக்கொள்ளும், பார்த்து எடுங்கள் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வரி வந்ததாம். ஆனால் கடையை மூட வைத்தது அந்த வரி இல்லை. தான் பார்க்காமலே பார்த்ததாக நினைத்துக்கொண்டோம் என்று அவன் நம்பிவிட்டான். ஒரே கயிற்றை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினான். பஸ் போய்விடும் என்று ஆட்கள் எழுந்து போனார்கள். கடையை விட்டுவிட்டு ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனான். அங்கேயும் ஒட்டினதைப் பிரித்துப் பார்ப்பானாம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வருவான். நான்கு தடவை. மூன்று வருஷம் இப்படி. நானும் அதே வீட்டில்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் டாக்டரிடம் போனோம். அவனே கேட்டுக்கொண்டு போனது. மறதி வியாதியாக இருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம். சின்ன அறை, ஜன்னலில் பச்சைத் திரை. டாக்டரம்மா இளம்பெண். "எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டார்.

"மூணு வருஷம். ஒரு திசைகாட்டியைப் பார்க்காமலே குடுத்துட்டேன். ஆனா பார்த்த மாதிரியே ஞாபகம் இருக்கு. இப்பவும் இருக்கு. அதுதான் டாக்டர் பயமா இருக்கு."

டாக்டர் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கூட இருக்கிறவங்க சொல்லுங்க. இவருக்கு ஞாபகம் எப்படி?"

இத்தனை நாள் சொல்லாத வாய் அன்றைக்கு ஏன் திறந்தது என்று தெரியவில்லை. இல்லாத வியாதிக்கு அவன் மாத்திரை விழுங்கப் போகிறான் என்பது மட்டும் கண்ணில் நின்றது. "இவன் ஞாபகம் சரியா இருக்கு. அன்னைக்கு முள்ளைப் பார்த்தான். நான்தான் உறையில காந்தம் வெச்சுத் தெச்சேன். அப்புறம் பிரிச்சுப் பட்டன் டப்பாவுல ஒளிச்சேன்" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவன் என்னைப் பார்க்கவில்லை. சட்டை ஓரத்தில் முடிச்சுப் போடத் தொடங்கியிருந்த விரல்கள் அப்படியே நின்றன. "டப்பா எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு வந்து காந்தத்தைத் திசைகாட்டியின் பக்கத்தில் வைத்தான். முள் ஓடியது. எடுத்தான், வைத்தான். பொழுது சாயும்வரை அதையே செய்தான். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்டிருந்த அட்டை ஒன்றை இறக்கினான். என் மெஷினுக்கு நேர் மேலே சுவரில் ஆறு வருஷம் தொங்கிய அட்டை. கடை விடுமுறை நாள் எழுதியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் வைத்துப் படித்தான்.

"திசைகாட்டி பக்கத்துல காந்தம், கத்தி, செல்போன் வைக்காதே. நான்தான் எழுதினேன். உங்களுக்குப் படிச்சுச் சொல்லணும்னு எனக்குத் தோணலை, அண்ணி."

"அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதே. படிக்கத் தெரியாததால தெச்சேன். பிரிச்சது படிக்கத் தெரியாததால இல்லை."

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டான். பன்னிரண்டாம் நாள், "மூணு வருஷமா என்னையே திட்டிப் பழகிட்டேன். இனி உங்களைத் திட்டப் பழகணும். கொஞ்ச நாள் பிடிக்கும்" என்றான்.

"பிடிக்கட்டும்" என்றேன்.

"என்கிட்ட சொன்னது போதாது. வாத்தியார்கிட்டயும் சொல்லணும். நடக்கிறவங்களுக்கும் சொல்லணும்."

வாத்தியார் வீட்டுக்கு நேரில் போய்வந்தேன். அங்கே என்ன நடந்தது என்பது அவருக்கும் எனக்கும் உள்ளது; எழுத மாட்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மூடி தானாக ஒட்டுகிற எந்த உறையிலும் திசைகாட்டியை வைக்காதீர்கள். செல்போனை வேறு பையில் வையுங்கள். அந்தப் பழைய ஒரு வரியைத் திருத்தி, இதை அதே பக்கத்தில் போடுங்கள். சுருக்கக் கூடாது.

அவன் இன்னும் கிடங்குக்குத்தான் போகிறான். நேற்று காலை தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான். அடுப்பைப் பார்த்தான், போனான். நான் வாசலிலேயே வெகுநேரம் நின்றேன். இரண்டாம் தடவை வரவில்லை.