ஒன்பதாவது ஜோடியை அழித்த உராகாமி

சாம்பியன் பெல்ட்டின் தகட்டின் மேல் பட்டாணி அளவு பற்பசை வைத்து, தேய்ந்துபோன பழைய பிரஷ்ஷால் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார் உராகாமி கென்சாகு. இரண்டு கைகளிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை. தேய்த்து முடித்ததும் மூக்குக்கண்ணாடித் துணியால் துடைப்பார். பிறகு அந்தத் தகட்டிலேயே முகம் பார்த்துத் தலைமுடியைச் சரி செய்துகொள்வார். அடுத்தது இரண்டாவது பெல்ட். இந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு வரலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ரசிகர்கள் நாங்கள் எல்லோரும் டிக்கெட் வரிசையில் நிற்கும்போது, மல்யுத்த அரங்கின் வாசல் கூடத்தின் நட்டநடுவில் மேசை போட்டுத்தான் செய்வார்.

சின்னப் பிள்ளைகள் யாராவது கிட்டே வந்தால், "தொடாதம்மா. இது பொம்மை இல்ல, சரித்திரம்" என்பார்.

வயது அறுபத்து மூன்று. கவாகுச்சியில் கோப்பையும் கேடயமும் விற்கும் கடை வைத்திருக்கிறார். பள்ளி விளையாட்டு விழாவுக்கும், தெருச் சங்கத்தின் கரோக்கே போட்டிக்கும் அவர் கடைக் கோப்பைதான். இருபத்தோரு வருடத்துக்கு முன் மிசாகோ மகளிர் மல்யுத்தக் குழு, இருவர் இருவராக மோதும் இரட்டையர் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. உராகாமி இரண்டு பெல்ட்டுகளை இனாமாகச் செய்து கொடுத்தார். பதிலுக்கு ஒரு பதவி கேட்டார். பட்டக் குழுத் தலைவர் ஆனார். குழுவில் அவரைத் தவிர வேறு யாரும் கிடையாது.

பட்டப் போட்டி தொடங்கும் முன் பட்டம் வைத்திருக்கும் ஜோடி மேடையேறி பெல்ட்டுகளை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். போட்டி முடிந்ததும் ஜெயித்த ஜோடிக்கு அவர் கொடுப்பார். நடுவில் அவற்றை வைத்திருப்பார். இவ்வளவையும் சுவரில் அடித்த ஓர் ஆணி செய்துவிடும். ஆணிக்குச் செய்யத் தெரியாதது ஒன்றே ஒன்று: சான்றிதழ் வாசிப்பது. "மிசாகோ இரட்டையர் பட்டத்தின் பதினேழாவது ஜோடி..." என்று தொடங்கி, தொண்டையைச் செருமி, நாள், கிழமை, ஊர், கூடத்தின் பெயர், கடைசியில் தன் பெயர் என்று நான்கு நிமிடம் வாசிப்பார். அதைவிடச் சீக்கிரமாக முடிந்த போட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எத்தனையாவது ஜோடி என்பதுதான் அவருக்கு உயிர். வரலாற்றைப் புத்தகமாகவே போட்டிருக்கிறார். முப்பத்திரண்டு பக்கம். பின்னட்டையில் அவர் கடை விளம்பரம். முதல் ஜோடி எட்டு அணிகள் மோதிய போட்டியில் வென்றது. மூன்றாவது ஜோடியில் ஒருத்திக்கு முழங்கால் போய், ஊன்றுகோலோடு மேடையேறி, அழுதுகொண்டே பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள். ஐந்தாவது ஜோடி ஜெயித்த அன்றைக்கே சண்டை போட்டுப் பிரிந்தது. ஒருத்தி பெல்ட்டைச் சுழற்றி மற்றவள் நெற்றியில் அடித்தாள். ஏழு தையல். உராகாமியின் புத்தகத்தில் ஐந்தாவது ஜோடியைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: 'இடது பெல்ட்டின் தகட்டில் சிறு பள்ளம் ஏற்பட்டது. சரி செய்யப்பட்டது.'

எட்டாவது ஜோடியைப் பற்றி மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். 'இடைவிடாமல் ஐந்நூற்றுப் பன்னிரண்டு நாள் பட்டத்தோடு.'

அது பொய்.

இருநூற்றுத் தொண்ணூறாவது நாளில் அவர்கள் தோற்றார்கள். பன்னிரண்டு வருடம் ஆகிறது. வீடியோ இருக்கிறது. நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

எந்தப் போட்டியில் யார் ஜெயிக்க வேண்டும் என்பது எங்கே தீர்மானமாகிறது என்று எங்கள் கூடத்தில் யாரும் பேசுவதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அது ஒரு மரியாதை. அன்றைக்கு ஜெயிக்க வேண்டியவர்கள் எட்டாவது ஜோடியை எதிர்த்து நின்ற கமேயாமா ரிட்சுகோவும் ஒகுதா கிக்குயோவும் இல்லை. அவர்கள் தோற்பதற்கென்றே இருந்த ஜோடி. தொண்ணூற்றிரண்டு கிலோ கிக்குயோ மேல் கயிற்றில் ஏறிக் குதித்தாள். கீழே கிடந்தவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. நடுவர் தரையைத் தட்டினார். ஒன்று. இரண்டு. கையை உயர்த்தியபடியே தோளைப் பார்த்தார். மூன்றாவது தட்டுக்குள் தோள் எழுந்தால் போட்டி தொடரும், இல்லையென்றால் முடிந்தது. எழவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு, நேர்மையான நடுவர் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். மூன்று.

மணி அடித்தது. ரிட்சுகோ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பயம். தவறு செய்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். கூட்டம் கூரை பறந்துவிடுவது போலக் கத்தியது. உராகாமி மேடையேறி இருவருக்கும் பெல்ட் கொடுத்தார். அங்கேயே ஒரு ரிப்பனில் அவர்கள் பெயரை எழுதி, ஜெயித்தவர்கள் ரிப்பன்கள் தொங்கும் பட்டக் கோப்பையில் தன் கையாலேயே கட்டினார். இருபத்து மூன்று நாள் கழித்து அவர்கள் தோற்றார்கள். எட்டாவது ஜோடியிடமே பட்டம் திரும்பிப் போனது.

பட்டத்தின் பத்தாம் ஆண்டுக்கு அந்தப் புத்தகம் தயாரானபோது அந்த இருபத்து மூன்று நாள் காணாமல் போயிற்று. முன்னாலிருந்த நாளையும் பின்னாலிருந்த நாளையும் ஒட்டினால் ஐந்நூற்றுச் சொச்சம் வருகிறது; அட்டையில் போட நன்றாக இருக்கும். கோப்பையிலிருந்து ரிப்பனும் போயிற்று. கேட்டவர்களிடம், "நடுவர் கை தவறி விழுந்திருச்சு. அதெல்லாம் கணக்குல வராது" என்றார். இதே வாய்தான் பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டினால், "எங்க மேடையில எல்லாமே நெசம்" என்று சொல்லும். யாரும் முன்கூட்டித் தீர்மானிக்காத மூன்றாம் தட்டு என்று அந்தப் பட்டத்தின் வரலாற்றில் எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. நெசத்தின் காவலர் தேடிப்பிடித்து அழித்தது அதைத்தான்.

ரிட்சுகோ போன மாதம் ஓய்வு பெற்றாள். நாற்பத்தைந்து வயது, இருபத்தாறு வருட மல்யுத்தம். எங்கள் வழக்கப்படி, ஓய்வு பெறுகிறவள் மேடை நடுவில் தனியாக நிற்க, பத்து முறை மணி அடிப்பார்கள். பிறகு அறிவிப்பாளர் அவளுடைய ஊர், உயரம், வாங்கிய பட்டங்களைச் சொல்லி, கடைசியாக ஒரு முறை பெயரைக் கூப்பிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை மேடையில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதில் எது விட்டுப்போகிறதோ அது நிரந்தரமாக விட்டுப்போனதுதான்.

அன்று காலை அவள் புகைப்படங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்து உராகாமியின் மேசைக்கு வந்தாள். அறிவிப்பாளர் சனாயே, தான் படிக்க வேண்டிய தாளைத் தலைவரிடம் காட்ட ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். டிக்கெட் வரிசை அப்படியே அந்தப் பக்கம் திரும்பியது.

"தலைவரே, அந்தக் கடைசி வரி. நான்தான் எழுதிக் குடுத்தேன். அதை மட்டும் அடிக்காம விட்டுருங்க."

உராகாமி தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஒன்பதாவது இரட்டையர் பட்டம்... ஒன்பதாவதுன்னு ஒரு ஜோடி ஏற்கெனவே இருக்கேம்மா."

"அவங்க பத்தாவது."

"அப்ப பத்தாவது?"

"பதினொண்ணு."

"இப்படியே போனா? இப்ப இருக்கிற பதினேழாவது ஜோடி டீ-சர்ட்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கு. அதுல பதினெட்டுன்னு யாரு தைக்கிறது, நீயா?"

"நான் தைக்கிறேன் தலைவரே, வீட்ல மெஷின் இருக்கு!" என்று வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ரிட்சுகோ சிரிக்கவில்லை.

"ஆயிரத்து எரநூறு தடவை மேடை ஏறியிருக்கேன். முக்கால்வாசி தோத்தேன். சொன்ன எடத்துல விழுந்தேன், சொன்ன நேரத்துல விழுந்தேன். ஒண்ணும் கேட்டதில்ல. இது ஒண்ணு கேக்குறேன்."

"நீ கேக்குறது எனக்குப் புரியுதும்மா. ஆனா சரித்திரம்னா நமக்குப் பிடிச்ச மாதிரி மாத்தி எழுதுறதில்ல." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை.

அப்போதுதான் கிக்குயோ வந்தாள். இப்போது வீடு மாற்றுகிறவர்களுக்கு லாரி ஓட்டுகிறாள். கம்பெனிச் சட்டையோடு, கையில் பெரிய பூங்கொத்தோடு நின்றாள்.

"இன்னும் அதே பற்பசைதானா? ஏன் தலைவரே, அன்னைக்குக் கோப்பையில எங்க ரிப்பனைக் கட்டினது யாரு?"

"நான்தான்."

"ரெண்டு முடிச்சு போட்டீங்க. பக்கத்துல நின்னு பாத்தேன்."

"அன்னைக்கு ஒரு உணர்ச்சியில கட்டிட்டேன்."

"அவுக்கும்போது?"

"பொறுப்போட அவுத்தேன்."

கிக்குயோ பூங்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அவள் அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, எதிர்பார்த்தேன். ரிட்சுகோ அவள் முழங்கையைப் பிடித்து, "விடுக்கா" என்றாள். உராகாமி சிவப்புப் பென்சிலை எடுத்து அந்தக் கடைசி வரியின் மேல் கோடு போட்டார். ஒரு கோடு போதவில்லை, இரண்டு. பக்கத்தில் தன் பெயர் முத்திரையை எடுத்துக் குத்தி, மை காய வாயால் ஊதி, தாளைச் சனாயேவிடம் கொடுத்தார்.

"இருக்கிறதை மட்டும் படி."

"சரிங்க தலைவரே" என்றாள் சனாயே. எட்டு வருடமாக அவள் சொல்லி வந்த பதில் அதுதான்.

ரிட்சுகோ தன் கடைசிப் போட்டியிலும் தோற்றாள். பதினோரு நிமிடம். வியர்வை காயாமல் மேடை நடுவில் வந்து நின்றாள். விளக்கை மங்கலாக்கினார்கள். மணி பத்து முறை அடித்தது. கூடத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. உராகாமி மேடை ஓரத்து மேசைக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்.

சனாயே படித்தாள். அகிதா மாவட்டத்தில் பிறந்தவர். உயரம் நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். ஆயிரத்து இருநூற்று ஏழு போட்டிகள். அங்கே நிறுத்தினாள். தாளில் அதற்குக் கீழே சிவப்புக் கோடுதான் இருந்தது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நாங்கள் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினாள்.

"மிசாகோ இரட்டையர் பட்டத்தின்... ஒன்பதாவது ஜோடி! கமேயாமா... ரிட்சுகோ!"

பிறகு நான்கு பக்கமிருந்தும் காகிதச் சுருள்கள் பறந்தன. சிவப்பும் வெள்ளையுமாக ரிட்சுகோவின் தலையிலும் தோளிலும் விழுந்தன. கிழக்குப் பக்கத்தில் யாரோ "ஒன்பது!" என்று ஆரம்பிக்க, மேற்குப் பக்கம் "ஒன்பது!" என்று திருப்பிக் கத்த, நாற்காலிகள் ஆடின. ரிட்சுகோ முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கிக்குயோ பூங்கொத்தைக் கீழேயே போட்டுவிட்டுக் கயிற்றுக்கிடையில் புகுந்து ஓடி, அவளைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள்.

பிறகு ஒவ்வொருவராக உராகாமியின் பக்கம் திரும்பினோம். "தலைவரே, இப்ப எங்க குத்துவீங்க முத்திரை?" என்று தையல் மெஷின் பெரியவர் கத்தினார். சனாயே வெளிறிப்போய் மைக்கோடு நின்றாள். உராகாமி கண்களைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். சனாயேவைப் பார்த்தார். மேடை விளிம்பில் தொற்றிக்கொண்டு கேமராவைச் சரி செய்துகொண்டிருந்த பத்திரிகைப் புகைப்படக்காரரையும் பார்த்தார்.

எழுந்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தார். அணைத்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்களையும் மெதுவாகப் பிரித்து, நடுவில் நின்று, ஆளுக்கு ஒரு மணிக்கட்டைப் பிடித்து, இருவர் கைகளையும் உயரத் தூக்கிப் பிடித்தார். கேமரா அவர்கள் பக்கம் திரும்பியதும், கையை விடாமலே, அரை அடி முன்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.