ஆறாவது கியரைத் தேடிக் கம்பம்மெட்டு வரை

நெடும்பயணம் போகும் மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து கியர் போதுமா, ஆறாவது ஒன்று வேண்டுமா? எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போன ஜூலையில் ஒரு சனி ஞாயிறு முழுக்கக் கம்பம் பள்ளத்தாக்கில் மேலும் கீழுமாக ஓட்டினேன். என் வண்டியில் 384 கிலோமீட்டர். திரும்பி வந்த பிறகும் தெரியவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்ததுபோலப் பேசுகிறவர்கள்மீது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆகவே இந்தப் பதிவில் கொஞ்சம் சூடு இருக்கும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் மதுரையிலிருந்து அருணாச்சலத்தின் தவாங் வரை போக ஒரு குழு தயாராகிறது. பதினொரு பேர், அதில் நான் ஒருத்திதான் பெண். நான்கு ஆண்டுகளாக இந்தக் குழுவோடு ஓட்டுகிறேன். ஒருமுறைகூட என்னால் யாரும் தாமதமானதில்லை. ஜூன் கடைசியில் குழுவை நடத்துபவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது: ஐந்து கியர் வண்டிகள் நெடுஞ்சாலையில் குழுவின் வேகத்தைக் குறைக்கும், ஆறு கியர் வண்டி மட்டுமே அனுமதி. வண்டியை மாற்றுவதா, விலகுவதா என்பதை ஜூலை இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் சொல்ல வேண்டும். என்ன கணக்கில் இந்த விதி வந்தது என்று கேட்டேன். "அனுபவம், மேடம்" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

நான் இயற்பியல் படித்தவள். அனுபவம் என்ற சொல்லை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பின்னால் ஓர் எண்ணாவது வேண்டும். என் வண்டி 350 சிசி, பதினோரு வருடப் பழசு, ஐந்து கியர். தேனி கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் சாமுவேல் என்பவரிடம் ஆறு கியர் வண்டி ஒன்று இருந்தது. மேலே கொஞ்சம் பணம் கொடுத்தால் என் வண்டிக்கு மாற்றாகத் தர அவருக்குச் சம்மதம். சரி, இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று புறப்பட்டேன்.

சனிக்கிழமை காலை 5.40-க்கு மதுரையை விட்டேன். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் தேனி 76 கிலோமீட்டர். கணவாயில் ஒரு டீ குடித்தும் 7.35-க்குத் தேனி வந்துவிட்டேன். சாமுவேலுக்கு உறவுக்காரர் கல்யாணம், பிற்பகல் மூன்றுக்குத்தான் வருவார். அதுவரை சும்மா நிற்க மனமில்லாமல் சுருளி அருவிக்கு வண்டியை விட்டேன். சின்னமனூர் தாண்டியதும் செயின் கடகடவென்று குதிக்கத் தொடங்கியது. அது தேய்ந்திருப்பது எனக்குத் தெரியும். ஊர் திரும்பி மாற்றலாம் என்று தள்ளிப்போட்டது என் தவறு.

உத்தமபாளையத்தில் சாலையோரமாகவே ஒரு பட்டறை. நடத்துபவர் ஷாஜகான், நாற்பது வயதிருக்கும். செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல எப்படிக்கா மதுரையிலருந்து வந்தீக?" என்றார். செயினோடு முன்னும் பின்னும் உள்ள பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார். என் வண்டிக்குரியது அவரிடமே இருந்தது. வேலையைத் தொடங்கும் முன் சாதாரணமாகக் கேட்டார்: "எங்கனக்கா போறீக?"

"இன்னிக்குச் சுருளி. நாளைக்குக் கம்பம்மெட்டு ஏறணும்."

"மெட்டுக்கா? சரி சரி. ரெண்டு இட்லி சாப்பிட்டு வாங்க, முடிச்சு வச்சிருதேன்."

சாப்பிட்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது. பொருளும் கூலியுமாக 3,850 ரூபாய். பழைய பாகங்களை எப்போதும்போலக் கேட்டு வாங்கிப் வண்டியின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டேன். நேரம் 10.15.

சுருளிப்பட்டி வழியில் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்களில் பாதிக்கு மேல் பின்னால் திராட்சைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றில் ஆறு எண்ணினேன். அருவியில் சனிக்கிழமைக் கூட்டம். கால் நனைக்காமலே திரும்பினேன். கம்பத்தில் சாப்பிட்டுவிட்டு (அளவுச் சாப்பாடு 90 ரூபாய், குழம்பு நன்றாக இருந்தது) மூன்றுக்குத் தேனி.

சோதனைக்கு வீரபாண்டி தாண்டி நேராகப் போகும் நான்கு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்தேன். அந்த மாதத்தில் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து காற்று ஆளையே தள்ளும். அதனால் ஒவ்வொரு வண்டியையும் போகும்போதும் வரும்போதும் ஓட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். என் வண்டியில் இன்ஜின் சுழற்சி காட்டும் மீட்டர் கிடையாது. பக்கக் கண்ணாடி எந்த வேகத்தில் மங்கத் தொடங்குகிறது என்பதே என் அளவுகோல்.

சாமுவேலின் வண்டி ஆறாவது கியரில் 80-இல் வழுக்கிக்கொண்டு போனது. 90-க்கு அப்புறம்தான் கண்ணாடி மங்கியது. பிறகு என் வண்டி. 75-லேயே கண்ணாடி கலங்கியது, 80-இல் கைப்பிடி குறுகுறுத்தது. இடது கால் தானாக அடுத்த கியரைத் தேடி நெம்பியது. இல்லாத கியரை அந்த நான்கு கிலோமீட்டரில் ஐந்து முறை தேடினேன். ஐந்து கியர் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இது நடப்பதுதான். ஆனால் எனக்கு இவ்வளவு நடந்ததில்லை. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாமுவேல் நல்ல மனிதர். ஐம்பத்தைந்து வயது, முதுகுவலி. "ஏன் விற்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அந்த ஆறாவது கியரை எங்கனம்மா போடுறது? போடிநாயக்கனூரு போறதுக்குள்ள ஏழு வேகத்தடை, நாலு பஸ்ஸு, ஒரு ஆட்டு மந்தை. எங்க வீட்டு மாடி ரூமு மாதிரிதான் அது. இருக்கு. யாரும் போறதில்ல."

சிரிப்பு வந்தது. ஆனால் சாலையில் பார்த்ததை மறுக்க முடியவில்லை. நாளை சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கம்பம் திரும்பி ஒரு விடுதியில் அறை எடுத்தேன் (1,100 ரூபாய், சுத்தம், சுடுதண்ணீர் காலையில் மட்டும்). குழுவை நடத்துபவருக்கு "மாற்றிவிடுகிறேன்" என்று எழுதி, அனுப்பாமல் வைத்தேன். காரணம் எதுவும் இல்லை. எதையும் ஓர் இரவு வைத்திருந்து அனுப்புவது என் வழக்கம்.

ஞாயிறு காலை 6.15-க்குக் கம்பம்மெட்டுச் சாலையில் ஏறினேன். 14 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சாலையில் முன்பு மூன்று முறை ஏறியிருக்கிறேன். வளைவுகளில் என் வண்டி இரண்டாவது கியருக்கு இறங்காமல் ஏறியதே கிடையாது. அன்று மூன்றாவதிலேயே, முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. வயதான வண்டி மேட்டில் மட்டும் இளமையாகுமா? பாதி மலையிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

மேலே கேரள எல்லையோரக் கடையில் டீ குடித்தேன், 15 ரூபாய். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவர் ஒருவர் என் வண்டி வந்து நின்றதிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பெட்டி ஏத்துவீகக்கா?" என்றார்.

"என்ன பெட்டி?"

"திராட்சப் பெட்டிதான். சத்தத்தைக் கேட்டாலே தெரியுதே, முன்னாடி பல்லைக் கொறச்சு லோடு செட்டுப் போட்ட வண்டி. கீழ ரெண்டு வளைவு இருக்கையிலயே நம்ம தோட்டத்துக்காரர்தான் வாராகன்னு நெனச்சேன். வந்து எறங்குனா நீங்க."

பின்பெட்டியைத் திறந்து பழைய முன் பல்சக்கரத்தின் பற்களை எண்ணினேன். பதினெட்டு. புதிதாக மாட்டியதை மூடிக்குப் பின்னால் பார்க்க முடியாது. டிரைவர் சொன்னார்: "இங்கன எல்லாரும் பதினாறுதான் மாட்டுவாக. மேட்டுல நல்லா இழுக்கும். கீழ போனா கத்தும்."

வண்டி பழக்கமில்லாதவர்களுக்காக: செயினின் முன் பல்சக்கரத்தில் பல் குறைந்தால் ஏற்றத்தில் வண்டி எளிதாக இழுக்கும். ஆனால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டும். பதினெட்டுக்குப் பதினாறு என்றால் எட்டில் ஒரு பங்கு அதிகம். முந்தைய நாள் நான் சாலையில் பார்த்தது ஐந்து கியரின் குறையே அல்ல. காணாமல் போன இரண்டு பல். அதை நம்பி, பதினோரு வருடம் ஓட்டிய வண்டியைக் கைமாற்ற இருந்தேன்.

கோபத்தோடு மலையிறங்கினேன். கோபத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் இரண்டு இடத்தில் நின்றேன். ஷாஜகானின் பட்டறைக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிறு 8.30-க்குக் கடை திறந்திருந்தது.

"பாய், முன்னாடி எத்தனை பல் மாட்டினீங்க?"

"பதினாறு."

"என்கிட்ட ஏன் கேக்கலை?"

"கேட்டனேக்கா. எங்கன போறீகன்னு கேட்டேன். மெட்டுக்குன்னு சொன்னீக."

"அது பேச்சுக்குக் கேட்டதுன்னு நெனச்சேன்."

"பேச்சுக்கு எதுக்குக்கா கேக்கப் போறேன்? வேலை கெடக்குல்ல." உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "இங்கன எவனும் வந்து பதினாறு போடு, பதினெட்டு போடுன்னு சொல்ல மாட்டான். எங்கன போறேன், என்ன ஏத்துறேன்னு சொல்வாக. நம்ம பாத்துப் போட்டுருவோம். மெட்டுல ஏறுனீகளா இல்லையா?"

"ஏறினேன்."

"சொகமா?"

"சுகமாத்தான்."

"அப்பறம் எதுக்கு என்னைய வையிறீக?"

பட்டறைக்குப் பெட்ரோல் வாங்க வந்த ஒருவர் சத்தம் போட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வண்டியில் என்ன மாட்டப்படுகிறது என்பதை என்னிடம் சொல்லாமல் முடிவு செய்வது, எவ்வளவு நல்லெண்ணமாக இருந்தாலும், தவறுதான். அதையே அவரிடம் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தூசி படிந்த பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். "புதுப் பதினெட்டு. யாரும் கேக்கிறதில்ல, அதான் கெடக்கு." ஐம்பது நிமிடத்தில் மாற்றினார். கூலி வாங்க மறுத்தார். "நம்ம தப்புன்னு சொல்லிட்டீகள்ல, பெறகு எதுக்குக் கூலி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்சக்கரத்தின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதே நான்கு கிலோமீட்டர், போக வர. காற்று முந்தைய நாள் போலவே. இப்போது என் கண்ணாடி 84 வரை தெளிவாக இருந்தது. இல்லாத கியரை ஒரே ஒரு முறைதான் தேடினேன். நேர்மையாகச் சொல்கிறேன்: சாமுவேலின் வண்டி அப்போதும் மென்மையாகத்தான் இருந்தது. அது ஆறாவது கியரால் வந்ததா, புது இன்ஜினாலா, கனத்தாலா என்று இந்தச் சோதனை சொல்லாது. இதைச் சொல்வதாக யூடியூபில் பேசும் எவரையும் இனி நான் நம்பமாட்டேன். விளம்பரத்தில் கியரின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். கடைசிக் கியரில் 80-இல் இன்ஜின் எத்தனை சுற்றுகிறது என்பதை எங்கும் காணோம். ஏணிக்கு ஒரு படி கூட வைத்தால் ஏணி உயரமாகிவிடாது. படிகள் நெருக்கமாகியிருக்கலாம், அவ்வளவுதான்.

தேனியில் சாமுவேலிடம் நடந்ததைச் சொல்லி, வண்டி மாற்றவில்லை என்றேன். அவர் அதற்கு வருத்தப்படவில்லை, வேறொன்றுக்கு வருத்தப்பட்டார். "அந்தப் பதினாறை ஏம்மா கழட்டுனீக? நமக்கு ஆணி மூட்டை ஏத்த அதுதான் தோது."

மதுரை வந்து சேர்ந்தது 2.50-க்கு. வைத்திருந்த செய்தியை அழித்துவிட்டு, இரண்டு நாள் அளவுகளையும் எழுதி, 84 கிலோமீட்டர் வேகம் குழுவின் வழக்கமான 75-க்குப் போதும், அதனால் என் வண்டியிலேயே வருகிறேன், மறுப்பதானால் காரணம் சொல்லுங்கள் என்று 3.40-க்கு அனுப்பினேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு. தேனி–கம்பம் சாலையில் கியர் எத்தனை என்பது பொருட்டே இல்லை, பிரேக்கைப் பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் காற்று பக்கவாட்டில் அடிக்கும், பின்பெட்டியில் கனம் ஏற்றாதீர்கள். கம்பம்மெட்டை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், பிறகு ஜீப்புகள் வளைவில் உங்களுக்காகக் காத்திருக்காது. பட்டறையில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் அதை விசாரிப்பு என்று நினைக்காதீர்கள், அங்கே அதுதான் ஆர்டர் எடுக்கும் முறை. போகும் இடத்தோடு திரும்பும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். புது வண்டி வாங்குவதற்கு முன் இருக்கிற வண்டியின் பல்லை எண்ணுங்கள்.

மறுநாள் நடந்தது இது. திங்கள் காலை 9.10-க்குக் குழுவின் வாட்ஸாப்பிலிருந்து நான் நீக்கப்பட்டிருந்தேன். பதில் எதுவும் இல்லை. பதினொன்றரைக்கு விருதுநகரிலிருந்து முருகேசன் என்பவர் அழைத்தார். குழுவில் என்னைவிட ஒரு வருடம் மூத்தவர். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மேடம், அளவெல்லாம் போட்டு அனுப்பியிருந்தீங்களாமே, குழு நடத்துற அண்ணன் எங்களுக்கும் காட்டினார். நம்ம ஆளுங்க கொஞ்சம் சிரிச்சாங்க, தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒரு சந்தேகம். என் வண்டியும் அஞ்சு கியருதான். நம்ம செல்வம் வண்டியும் அஞ்சுதான். வண்டியை மாத்தச் சொல்லி எங்ககிட்ட யாரும் கேக்கலையே, அது எப்படி?"

 அதை நீங்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். கேட்கிறேன் என்றார். இதை எழுதும்வரை அவர் திரும்ப அழைக்கவில்லை.